எப்ப பாத்தீங்க?

அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக்கடையில் வேலை பார்ப்பவள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. இன்னொருவர் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. முன்னறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். இருவருக்கும் நடுவில் பாலமாக இருந்த மனிதன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். நிமிரவேயில்லை.

அதற்குப் பிறகு இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவரை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். பேச்சு மட்டும் சுருங்கிப் போயிற்று. "பால் வந்துச்சா?", "கேஸ் தீரப் போகுது" என்கிற அளவில் நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தையல் மிஷின் மேல் புதிதாக ஓர் உறை கிடந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. ஓரத்தில் மடித்துத் தைத்திருந்த பட்டையில் ஒரு பொத்தான் துளை அப்படியே தெரிந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த சட்டைகளில் ஒன்று குறைந்தது.

"அக்கா, அவரு சட்டையையா வெட்டினீங்க?"

"துணி நைஞ்சு போச்சு. இன்னும் ஒரு மாசம் விட்டா பூச்சி அரிச்சிரும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என் தம்பி சட்டைய வெட்ட நான் யாரைக் கேக்கணும்?"

அவளுக்கு, மேலே பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம். கடைக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவை பின்பக்கக் கொடியில் கிடந்தது. அதை எடுக்கத் தோட்டத்துக்குப் போனாள்.

தோட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நீளவாக்கில் இருபது அடி வைத்தால் மதில் வந்துவிடும். ஒரு குழாய், துவைக்கிற கல், நாலு கத்தரிச் செடி, மண் தொட்டிகளில் மிளகாய், மூலையில் ஓர் எலுமிச்சை மரம். மரத்தடியில் ஒரு செங்கல் குவியல். குழாயைச் சுற்றித் தளம் போட அவன் வாங்கிப் போட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்று அவன் சொல்லிச் சொல்லியே அந்தக் கல்லெல்லாம் பாசி பிடித்துவிட்டது. அந்தக் குவியலை ஒட்டித்தான் நாத்தனார் தினமும் பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு உட்காருவார். கையால் அடிக்க வேண்டிய ஹெம்மிங், கொக்கி வேலைகளுக்கு உள்ளே வெளிச்சம் போதாது. காலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துக்கொண்டு, வெயில் மரத்தைத் தாண்டும் வரை தைப்பார்.

அவள் புடவையை உருவியபோது செங்கல் பக்கம் ஏதோ அசைந்தது. உதிர்ந்த இலைகள் என்றுதான் நினைத்தாள். பிறகு அந்த இலைகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பழுப்பில் நீள்வட்டங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு. ஃபிரேமில் போட்டு வரிசையாக அடுக்கிய லென்ஸ்கள் மாதிரி. வரிசை மெதுவாக நகர்ந்து, இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த இருட்டுக்குள் போயிற்று. கடைசியில் வால் நுனியும் போயிற்று.

கண்ணாடி விரியன். போன வருஷம் தெருக்கோடியில் ஒன்றை அடித்துப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். சந்தேகமே இல்லை.

"அக்கா" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். சொல் தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ. நாய் வந்து படுத்துக்குது."

அதே அதட்டல். சட்டையைப் பற்றிப் பேச்சே நடக்காத மாதிரி. அவள் உள்ளே வந்தாள், புடவை மாற்றினாள், டப்பாவில் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் நாத்தனார் மூன்றடி தள்ளித்தான் இருந்தார். அவள் முன்கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், இறங்கினவுடன் போன் செய்து சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இறங்கியதும், கடைக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். கடையில் ஷட்டர் தூக்கி, மேஜை துடைத்து, முதல் ஆர்டரைக் கையில் எடுக்கும்போது மணி ஒன்பதே கால். பத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

லென்ஸ் வேலையில் முதலில் மூன்று புள்ளி குத்த வேண்டும். பார்வையின் மையம் எங்கே, எந்தச் சாய்வு என்று அந்தப் புள்ளிகள்தான் சொல்லும். பிறகு மிஷின் அதைக் கவ்விப் பிடித்து, தண்ணீர் பீச்ச, கல் சக்கரத்தில் சுற்றிச் சுற்றித் தேய்க்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அவளுக்கு அன்றைக்குக் கேட்டது. சக்கரத்தின் கிரீச்சுக்கு நடுவே ஒரு சீறல். நிறுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினாள். மறுபடி கேட்டது.

சுவர்க்கடிகாரம் பத்தைத் தொட்டபோது அவள் கை நின்றுவிட்டது. இப்போது ஸ்டூலை எடுத்துப் போடுவார். செருப்பைக் கழற்றுவார். இடது காலை முதலில் தூக்கி வைப்பார், வலது முழங்காலில் வலி. அந்தக் குதிகால், அதிலிருந்த வெடிப்பு, கணுக்கால் பக்கம் பச்சை நரம்பு. இரண்டு வருஷமாக முகத்தைக்கூட நேராகப் பார்க்காதவளுக்கு அந்தக் கால் துல்லியமாகத் தெரிந்தது.

போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தாள். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் நம்பர் இருந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. "கொஞ்சம் எட்டிப் பாருங்க, தோட்டத்துல பாம்பு இருக்கு" என்றால் உடனே ஓடுவார். ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். எப்ப பாத்தீங்க? காலையிலன்னா, அப்பவே சொல்ல வேண்டியதுதானே? அவள் போனைக் கீழே வைத்தாள். நாத்தனாரின் உயிருக்குப் பயப்படுவதைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகமாகப் பயப்படுகிறோம் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வைத்தாள்.

"என்னம்மா இது?" முதலாளி ஒரு ஃபிரேமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் பரிசோதனையும் கல்லாவும் அவர்தான். "வலது லென்ஸ இடதுல போட்டிருக்கே. இதப் போட்டுக்கிட்டா அந்த மனுசன் வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா பக்கத்து வீட்டுக்குப் போயிருவாரு."

வழக்கமாக அவள் சிரிப்பாள். அன்று முகம் வெளிறிப்போய் நின்றாள்.

"சார், நான் வீட்டுக்குப் போகணும்."

"உடம்பு சரியில்லையா?"

"வீட்டுல... பாம்பு."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "ஆட்டோ பிடிச்சுப் போ. ஓடு" என்றார்.

முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கைக் கை ஒன்று ஊசிக்கடியில் மாட்டியபடி கிடந்தது. நாத்தனாரின் போன் அதன் பக்கத்தில். பின்பக்கம் போடுகிற செருப்பு பின்வாசலில் இல்லை.

"அக்கா!"

சமையலறையை எட்டிப் பார்க்காமல் பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். எலுமிச்சை மரத்தடியில் யாரும் இல்லை. கத்தரிச் செடி, கல், குழாய், செங்கல். செங்கல்லை ஒட்டி வெறும் மண்தான் இருந்தது. ஸ்டூலே இல்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அங்க நிக்காதே. உள்ள வா."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். சமையலறை ஜன்னலுக்கு உள்ளே, கம்பிகளுக்குப் பின்னால் நாத்தனாரின் முகம் தெரிந்தது. மடியில் ரவிக்கை, விரலில் ஊசி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலை ஒட்டி, தோட்டத்தைப் பார்த்தபடி. அந்தச் செருப்பும் அவர் காலடியிலேயே இருந்தது.

அவள் உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. "அங்க பாம்பு இருக்கு அக்கா. செங்கல்லுக்குள்ள. விரியன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

நாத்தனார் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். நூலை இழுத்து விட்டார். "நான் ஸ்டூல உள்ள கொண்டாந்து பன்னண்டு நாளாச்சு. நீ கவனிக்கல."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் எழுந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனவள் அவள்தான். துவைத்தாள், காயப்போட்டாள், கத்தரிக்காய் பறித்தாள். முந்தாநாள் தரையில் விழுந்த எலுமிச்சம் பழங்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

"ஏன் சொல்லல?"

"அன்னிக்கு உன் தங்கச்சியோட போன்ல பேசிட்டிருந்தே. 'அவரு போயிட்டாரு, இந்தச் சுமையை என் தலையில வச்சுட்டுப் போயிட்டாரு'ன்னு சொன்னே. நான் பின்வாசல்லதான் நின்னேன். அந்தப் பேச்ச உள்ள வாங்கிக்கிட்டுத் திரும்பினா, மரத்தடியில அது கெடக்குது. தடியா, கட்டை மாதிரி." நாத்தனாரின் குரலில் கோபம் இல்லை. "உன்னைக் கூப்பிடணும்னுதான் நினைச்சேன். வாய் வரல."

"மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"மறுநாள் சொன்னா, நேத்தே ஏன் சொல்லலன்னு கேப்பே. மூணாம் நாள் ரெண்டு நாளா ஏன் சொல்லலன்னு கேப்பே. அப்படியே போயிருச்சு. தினம் நீ வெளிய போறப்போ இங்க உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். நீ உள்ள வந்தப்புறம்தான் எனக்குச் சோறு எறங்கும்."

ஜன்னலருகே உட்கார்ந்து என்ன பார்த்தார் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கடிக்காமல் இருக்க வேண்டுமே என்றா, கடிக்கிறதா என்றா? கேட்டால் நாத்தனார் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. எந்த உண்மையாக இருந்தாலும் அதைத் தாங்குவது கஷ்டம். அதுவும் போக, கேட்பதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை? பன்னிரண்டு நாளுக்கும் மூன்று மணி நேரத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

"நான் காலையிலயே பாத்தேன் அக்கா" என்றாள்.

"தெரியும். நீ பாக்கறத நான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் போன எடுக்கல?"

"என்ன சொல்லப் போறேன்னு தெரியும். நீ சொன்னா நானும் சொல்லணும்ல."

தீயணைப்பு நிலையத்துக்கு நாத்தனார்தான் போன் செய்தார். அவர்கள் ஒரு பாம்பு பிடிக்கிறவரின் நம்பரைக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் வந்தார். டயர் கடை வைத்திருப்பவர், கையெல்லாம் கிரீஸ் கறை. ஒரு வளைந்த கம்பியும், ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

"ரெண்டு பேரும் கதவுக்கு உள்ளயே நில்லுங்க. சீறுச்சுன்னா குக்கர் விசில் மாதிரி இருக்கும். பயந்துறாதீங்க. நான் பயப்படற மாதிரி தெரிஞ்சா மட்டும் பயப்படுங்க."

செங்கல்லை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளினார். பத்துப் பதினைந்து கல் நகர்ந்ததும் சீறல் கிளம்பியது. காலையிலிருந்து மிஷினுக்குள் கேட்ட அதே சத்தம், இப்போது நிஜமாக. நாத்தனாரின் கை அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அது டப்பாவுக்குள் இருந்தது. மூடியைத் திருகி, தூக்கி வெளிச்சத்தில் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"பொம்பளைப் பாம்பு. வயிறு தொங்கிப் போயிருக்கு பாருங்க. குட்டி போட்டிருச்சு."

"குட்டின்னா?" என்றாள் அவள்.

"இது முட்டை போடற ஜாதி இல்ல. குட்டியாவே போடும். இருபது, முப்பது. அதுங்களுக்கும் பொறந்த அன்னிக்கே விஷம் உண்டு." மதிலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "இந்நேரம் நாலா பக்கமும் போயிருக்கும். நீங்க எப்ப பாத்தீங்க?"

நாத்தனார் அவளுடைய மணிக்கட்டை விட்டார்.

"இன்னிக்குத்தான்" என்றார் நாத்தனார்.

"இன்னிக்குக் காலையிலதான்" என்றாள் அவள். இரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே குரலில் சொன்னது அதுதான்.

"நல்லவேளை உடனே கூப்பிட்டீங்க. சில பேரு பாத்துட்டு, தானாப் போயிரும்னு நாளக் கடத்துவாங்க. ஒரு பத்து நாளுக்கு முந்தி கண்ணுல பட்டிருந்தா குட்டியெல்லாம் வயித்துக்குள்ளயே இருந்திருக்கும். மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிருப்பேன். என்ன செய்ய, உங்க நேரம்."

அன்றைக்கு இரண்டு குட்டிகள் அகப்பட்டன. ஒரு சாண் நீளம், விரல் கனம், அதே சங்கிலிக் கோலம். மிச்சம் எங்கே என்று தெரியாது.

சாயங்காலம் இருவரும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனார்கள். சொல்லாமல் இருக்கக்கூடாது என்றார் நாத்தனார். நர்ஸம்மா வீட்டில் சொன்னார்கள். பின்பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் அதே கேள்வி வந்தது. இரண்டு இடத்திலும் "இன்னிக்குத்தான்" என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு சின்ன வயதுப் பெண்மணி, மூன்று பிள்ளைகள். மூன்றும் மண்ணில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்மணியின் கையில் மாவு. "ஐயையோ" என்று பதறினாள். "எப்ப பாத்தீங்கக்கா?"

நாத்தனார் அந்தப் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னண்டு நாளாச்சும்மா. அப்பவே சொல்லியிருந்தா குட்டி போட்டிருக்காது. நான்தான் சொல்லல."

"நானும்தான்" என்றாள் அவள்.

அந்தப் பெண்மணி திட்டவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவு சாத்திய சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தாழ்ப்பாள் போடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டாலும் அவள் இவர்களிடம் பேசுவதில்லை.

கடையில் மறுநாள் முதலாளி கேட்டார். "என்ன பாம்பு?"

"கண்ணாடி விரியன் சார்."

"பின்னே? கண்ணாடிக்கடைக்காரி வீட்டுக்கு வேற எது வரும்?" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

டயர் கடைக்காரர் அடுத்தடுத்து மூன்று தடவை வந்தார். மொத்தம் ஒன்பது குட்டி கிடைத்தது. செங்கல்லையெல்லாம் வண்டி வைத்து அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். கத்தரிச் செடியைப் பிடுங்கினார்கள். தொட்டிகளைத் தெருப்பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். தரை மொட்டையாகக் கிடந்தது. யாரையும் எதுவும் கடிக்கவில்லை. மாதம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று.

வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் முதலில் எழுகிறவர் கம்போடு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் பாக்கல" என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "ஒண்ணும் பாக்கல." சொல்லாமல் ஒரு நாளும் விட்டதில்லை. அவளும் தலையாட்டிவிட்டுத்தான் பின்பக்கம் போவாள். பேச்சு வார்த்தை முன்னைவிட அதிகமாகத்தான் ஆயிற்று. அந்த நீல உறையைப் பற்றிக்கூட ஒரு தடவை சண்டை இல்லாமல் பேசினார்கள்.

ஆனாலும் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு முதுகு குறுகுறுக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. சில நாள் அங்கே முகம் இருக்கும், சில நாள் இருக்காது. எது அதிகப் பயம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு உள்ளே நிற்கிற நாட்களில் நாத்தனாரும் தோட்டத்திலிருந்து அப்படியே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் நாத்தனாருக்குக் காய்ச்சல். அவள் கடையிலிருந்து வந்தபோது அவர் மாத்திரை போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று எழுப்பவில்லை. வானம் கறுத்திருந்தது. கொடியில் காலையில் போட்ட துணிகள் கிடந்தன. எடுத்துவிடலாம் என்று பின்கதவைத் திறந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். வைக்க முடியவில்லை.

தரை மொட்டையாகத்தான் இருந்தது. ஒளிந்துகொள்ள ஓர் இலைகூட இல்லை. கொடி பத்தடி தூரம். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் துளிகள் விழுந்தன. கொடியில் கிடந்த புடவையில் பொட்டுப் பொட்டாக ஈரம் பரவியது. பிறகு மழை கொட்டத் தொடங்கியது.

சத்தம் கேட்டு நாத்தனார் எழுந்து வந்தார். போர்வை தோளில் கிடந்தது.

"துணிய எடுக்கலியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"இன்னிக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே."

நாத்தனார் நெற்றியைத் தேய்த்தார். "காலையிலேருந்து படுத்தே கெடக்கேன். நான் ஒண்ணும் பாக்கல."

அவள் திரும்பினாள். "பாக்கலன்னா, ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்களா? இல்ல, நீங்க பாக்கவே இல்லியா?"

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்று, அவளோடு சேர்ந்து வெளியே பார்த்தார். காய்ச்சல் சூடு போர்வையைத் தாண்டி அவள் கையில் பட்டது. கொடி பாரம் தாங்காமல் தொங்கி, ஒரு புடவையின் ஓரம் சேற்றைத் தொட்டது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் படி இறங்கவில்லை.